கல்லறைக் கல்லும் கம்பம் பள்ளத்தாக்கு மலையும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் பின்புறச் சுற்றுச்சுவர் கட்டுவதற்காக ஒரு லாரி கருங்கல் வந்து இறங்கியது. இடைவேளையில் அதன்மேல் ஏறி அமர்ந்து முறுக்குத் தின்ற எங்களுக்கு, அதில் ஒரு துண்டு எங்கள் வகுப்பையே இரண்டு கட்சியாகப் பிரிக்கப் போகிறது என்பது தெரியாது. புவியியல் பாடத்தில் அப்பொழுதுதான் தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என மூவகைப் பாறைகளைப் படித்திருந்தோம். தோழி ஒருத்தி கையளவு கல் ஒன்றைக் கொண்டுவந்து, "இது எந்த வகை?" என்று கேட்டாள். ஜன்னலோர வரிசையினர் தீப்பாறை என்றனர். பூமிக்குள் உருகிய குழம்பு ஆறிப் பிறந்தது என்பது அவர்கள் கட்சி. சுவரோர வரிசையினரோ, வேறொரு பாறை வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியது என்று சாதித்தனர். மணி அடித்தும் சச்சரவு ஓயவில்லை. சிஸ்டர் வந்து எங்களை அடக்குவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தச் சண்டையைப் பெரிய மேதைகளே நூறு வருஷமாகப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் எப்படிப் போட்டார்கள் என்று படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் நீங்கள் போடலாம்" என்றார். அவ்வாறு படித்ததில் எங்களுக்குக் கிடைத்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

அக்கல்லின் பெயர் சார்னோக்கைட்டு. மேற்கே ஏலமலையும், கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும், வடக்கே போடி மலைகளும் பெரும்பாலும் இப்பாறையால் ஆனவையே. நம் வீட்டு வாசற்படியும், அம்மிக்கல்லும், சாலைக்குக் கொட்டும் ஜல்லியும் பல ஊர்களில் இதுவே. புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் தடவினாற்போன்ற மினுமினுப்பும், நீலம் கலந்த கரும்பச்சைச் சாயலும் இருக்கும். குவார்ட்சும் பெல்ஸ்பாரும் கலந்திருப்பதால் கிரானைட்டின் தங்கை போலத் தோன்றும். ஆனால் கிரானைட்டில் வழக்கமாக இல்லாத ஹைபர்ஸ்தீன் என்ற கனிமம் இதில் உண்டு. மாமல்லபுரத்துச் சிற்பிகள் உளி பிடித்ததும் இந்தக் கல்லில்தான்.

நம் ஊர் மலைக்கு இந்த அந்நியப் பெயர் எப்படி வந்தது? கல்கத்தாவில் ஒரு கல்லறையிலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியான ஜாப் சார்னோக் 1693-இல் கல்கத்தாவில் இறந்தார். அவரை அடக்கம் செய்த இடம் பின்னர் புனித ஜான் ஆலய வளாகம் ஆயிற்று. வண்டல் மண்ணே நிறைந்த வங்காளத்தில் கல்லுக்குப் பஞ்சம். ஆகவே கல்லறையின் பலகைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து சென்றது. இருநூறு ஆண்டுகள் கழித்து, தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலார் அக்கல்லை ஆராய்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தை ஒட்டித்தான் இருக்கும். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் தாம் கண்ட பாறையே இது என்று தெளிந்து, வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் 1893-இல் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தம்மை அறியாமலே இந்தக் கல்லைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவரக் காரணமான சார்னோக்கின் பெயரை அதற்குச் சூட்டலாம் என்றார். சூட்டிய பெயர் நின்றுவிட்டது. சார்னோக்கைக் கல்கத்தாவை நிறுவியவர் எனக் கொள்ள இயலாது என்று 2003-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகரம் கைவிட்டுப் போனாலும் மலை அவர் பெயரிலேயே இருக்கிறது!

மூன்று பக்கக் கட்டுரை ஒரு மலைத்தொடருக்கே பெயர் சூட்ட முடிந்தது எவ்வாறு? இதை அறிய அக்காலத்துக் கழகங்களின் கதையைச் சற்றுச் சொல்ல வேண்டும்.

ஆசியக் கழகத்தை வில்லியம் ஜோன்ஸ் 1784-இல் கல்கத்தாவில் தொடங்கினார். சென்னையிலும் 1812-இல் ஓர் இலக்கியக் கழகம் தோன்றி, 1833 முதல் இலக்கியத்துக்கும் விஞ்ஞானத்துக்குமாக ஓர் இதழை நடத்தியது. அந்நாளில் நிலவியலையே தொழிலாகக் கொண்டவர் நம் நாட்டில் அபூர்வம். பட்டாளத்து டாக்டரும், கச்சேரி அதிகாரியும், ரோடு போடும் இன்ஜினீயரும், சமயத் தொண்டரும் குதிரை மீது போகும் வழியில் கண்ட கல்லைப் பையில் போட்டுக்கொண்டனர். கூட்டத்துக்கு வர இயலாத வெளியூர் அங்கத்தினர் கடிதம் எழுதுவர். காரியதரிசி அதைச் சபையில் வாசிப்பார். அனுப்பிய கல் மேசை மீது வைக்கப்படும். ஒருவர் ஆமென்பார், ஒருவர் மறுப்பார். இரண்டும் அச்சேறி மீண்டும் ஊர் ஊராகப் போகும். 1854-இல் இந்தியா முழுவதும் தூரம் பாராமல் ஒரு சிறு கடிதத்துக்கு அரையணாத் தபால்தலை போதும் என்று ஆயிற்று. கடிதத்துக்கு அரையணா, கல்லுக்கோ மாட்டு வண்டி!

இக்கூட்டங்களில் பெண்களுக்கு இடம் இருந்ததா என்று நாங்கள் தேடினோம். லண்டன் நிலவியல் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1919-இல்தான். அது தொடங்கியது 1807-இல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நம் தமிழ்நாட்டுக் கற்களும் இவ்வாறு பயணம் போயின. சென்னை அரசாங்க அதிகாரியான கே என்பவரும் அவர் நண்பர் கன்லிஃபும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் கல்லாகிப் போன சிப்பிகளையும் நத்தைகளையும் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினர். இந்தியாவையே கண்டிராத எட்வர்டு ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்தார். 1846-இல் வெளியான அறிக்கையில், அவை கிரெட்டேஷியஸ் எனும் பழங்காலத்துக் கடல்வாழ் உயிர்கள் என்றும், புதுச்சேரிப் படிவு அக்காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்றும் கூறினார். புதுச்சேரிச் சிப்பிகளைப் பாரிசிலே கண்ட டார்பிஞி, அது அக்காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தது என மறுத்தார். தீர்ப்பு வர அரை நூற்றாண்டு ஆயிற்று. வியன்னாவைச் சேர்ந்த கோஸ்மாட் 1897-இல் ஆராய்ந்து சொன்னபோது டார்பிஞியின் கருத்தே மெய்க்கு அருகில் இருந்தது. அதற்குள் இருவரும் காலமாகியிருந்தனர். அரியலூரில் கடல் இருந்தது என்று இன்று நாம் பாடத்தில் ஒரே வரியில் படித்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இத்தனை தபால் இருக்கிறது.

இதே காலத்தில் அமெரிக்காவிலும் இதே கதை. அங்கே மாநிலத்துக்கு ஒரு நிலவியல் ஆய்வு நடந்தது. ஒரே பாறை அடுக்குக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக் குழம்பினர். 1840-இல் பதினெட்டுப் பேர் பிலடெல்பியா நகரில் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். அதுவே 1848-இல் அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கமாக வளர்ந்தது. அதற்கும் முன்பே, 1818-இல், பெஞ்சமின் சில்லிமன் என்ற பேராசிரியர் 'அமெரிக்க விஞ்ஞான இதழ்' என்ற பத்திரிகையைத் தொடங்கி, அனைவர் கடிதங்களுக்கும் அதில் இடம் தந்தார். இந்தப் பத்திரிகையின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது பல்லாவரத்துக்கு வரும்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1851-இல் தாமஸ் ஓல்டம் தலைமையில் முறையாகத் தொடங்கியது. அதன் தொடக்க நாட்களில் நடந்த ஒரு விவாதம் எங்களுக்கு மிகவும் பிடித்தமானது. 1856-இல் இருபது வயதைச் சற்றே தாண்டிய வில்லியம், ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற சகோதரர்கள் ஒரிசாவில் தால்ச்சர் என்ற இடத்தில் நிலக்கரி தேடப் போனார்கள். அங்கே ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். மிக மென்மையான பச்சை வண்டலுக்குள் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் பதிந்திருந்தன. இதில் என்ன விசித்திரம் என்கிறீர்களா? நம் சுருளியாற்றையோ வைகையையோ நினைத்துப் பாருங்கள். உருண்டைக் கல்லை உருட்டி வரும் வெள்ளம் நுண்ணிய வண்டலைத் தங்க விடாது, அடித்துக்கொண்டு போய்விடும். வண்டல் படியும் அமைதியான நீருக்கோ கல்லைத் தூக்கி வரும் வலு இல்லை. இரண்டும் ஓரிடத்தில் எப்படிச் சேர்ந்தன? மிதந்து வந்த பனிக்கட்டி கற்களைச் சுமந்து வந்து, உருகும்போது வண்டலில் போட்டிருக்க வேண்டும் என்றார்கள் சகோதரர்கள்.

வெயில் கொளுத்தும் ஒரிசாவில் பனிக்கட்டியா? பலர் நம்பவில்லை. பனி தேய்த்த கீறல் உள்ள கல் ஒன்றாவது காட்டுங்கள் என்று கேட்டனர். கேட்டது நியாயம்தானே! பதினாறு ஆண்டுகள் கழித்து, 1872-இல், ஃபெடன் என்ற மற்றொரு ஆய்வாளர் மத்திய இந்தியாவில் சாந்தா மாவட்டத்தில் பெண்கங்கை ஆற்றருகே அப்படிப்பட்ட கற்களைக் கண்டார். கற்களில் மட்டுமன்றி அவற்றின் அடியிலிருந்த சுண்ணாம்புப் பாறைத் தரையிலும் இழைப்புளி போட்டதுபோல் நீண்ட கீறல்கள் இருந்தன.

அது தீர்ந்ததும் அடுத்த வழக்கு எழுந்தது. அப்பனிக்கு மேலே படிந்த நிலக்கரி அடுக்குகளில் நாக்கு வடிவ இலைகள் கல்லில் பதிந்து கிடைத்தன. நாகபுரியில் பணியாற்றிய ஸ்காட்லாந்துச் சமயத் தொண்டர் ஸ்டீஃபன் ஹிஸ்லப் இத்தகைய இலைப்பதிவுகளைத் தேடிச் சேர்த்து லண்டனுக்கு அனுப்பியவர். 1863-இல் ஓர் ஓடையைக் கடக்கையில் நீரில் மூழ்கி இறந்தார். அந்த இலைகளின் வயது என்ன? 1875-இல் வந்து சேர்ந்த தாவரப் புதைபடிவ நிபுணர் ஃபைஸ்ட்மாண்டல் ஐரோப்பியச் செடிகளுடன் ஒப்பிட்டு இளையது என்றார். ஆஸ்திரேலியாவில் இதே இலை மிகப் பழைய கடற்சிப்பிகளுடன் கிடைக்கிறது, ஆகவே பழையது என்றார் வில்லியம் பிளான்ஃபோர்டு. இருவரும் ஒரே துறையில் சம்பளம் வாங்கியவர்கள். ஒரே துறை இதழில் ஒருவரை ஒருவர் மறுத்து எழுதினார்கள்! மேலதிகாரி எவரும் இரண்டில் ஒன்றை மட்டும் அச்சிடுங்கள் என்று சொல்லவில்லை. இன்று அவ்விலைகள் பெர்மியன் காலத்தவை என்கிறார்கள். பிளான்ஃபோர்டின் பக்கமே வென்றது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆப்பிரிக்காவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன என்ற கோண்டுவானா கண்டத்தின் கதை இந்த இலையிலும் அந்தப் பனிக்கல்லிலும்தான் தொடங்குகிறது.

இனி நம் கல்லுக்கு வருவோம். நம் தேனி 1996-இல் தனி மாவட்டமாகும் வரை மதுரையைச் சேர்ந்திருந்தது அல்லவா? அந்த மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆராய்ந்து 1883-இல் ஒரு நூலாக வெளியிட்டார். 1863-இல் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கருவியைக் கண்டெடுத்துப் புகழ் பெற்றவர் இவரே. நம் மலைகளின் பாறையை அவர் காலத்தில் நைஸ் என்ற பொதுப் பெயரில் அடக்கினார்கள். ஹாலந்து பெயர் சூட்டிய பிறகே அது தனியாளாயிற்று.

ஹாலந்து 1900-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். தென்னிந்தியாவிலுள்ள வெளிர் நிறச் சார்னோக்கைட்டு முதல் கன்னங்கரேல் என்ற பாறை வரை யாவும் ஒரே உருகிய குழம்பிலிருந்து பிறந்த ஒரே குடும்பம் என்பது அவர் முடிவு. அதாவது, எங்கள் ஜன்னலோர வரிசையின் கட்சி! மைசூர் ஆய்வுத் துறையின் பி. ராமராவ் 1945-இல் வெளியிட்ட நூலில் இதை ஏற்கவில்லை. பல வேறு பழம் பாறைகள் உருமாறியே இவை உண்டாயின என்றார். பிறகு 1959-இல் ஏ. பி. சுப்பிரமணியம், ஹாலந்து நின்று ஆராய்ந்த அதே பல்லாவரத்துக்குத் திரும்பிப் போய், அவர் ஒரே குடும்பம் என்று சேர்த்தவை ஒரே குடும்பம் அல்ல, கறுப்பானவை தனி இனம் என்று எழுதினார். அக்கட்டுரை வெளியான இடம் எது தெரியுமா? சில்லிமன் தொடங்கிய அதே அமெரிக்க விஞ்ஞான இதழ்!

அடுத்த ஆண்டே, 1960-இல், சி. எஸ். பிச்சமுத்து 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதம் எழுதினார். கர்நாடகத்தில் கப்பல்துர்க்கா என்ற இடத்தில், சாம்பல் நிற நைஸ் பாறைக்குள் மைத்தாளில் மை கசிந்ததுபோல் கரும்பச்சைத் திட்டுகளைக் கண்டார். ஒரே கல்லில் ஒரு பக்கம் நைஸ், மறுபக்கம் சார்னோக்கைட்டு. உருமாற்றம் பாதியில் நின்றுபோன இடம் அது. சுவரோர வரிசை கைதட்டியது இங்கேதான். 1964-இல் ஆசியாவிலேயே முதன்முறையாக உலக நிலவியல் மாநாடு புதுடில்லியில் கூடியபோது, சார்னோக்கைட்டுக்கென்றே தனிப் பிரிவு வைத்தார்கள். 1979-இல் ஜனார்த்தன், நியூட்டன், ஸ்மித் என்ற மூவர் கப்பல்துர்க்காவுக்கு ஒரு விளக்கம் தந்தனர். பூமியின் ஆழத்திலிருந்து கரியமில வாயு பாறைக்குள் ஏறி, கனிமங்களில் இருந்த நீரை விரட்ட, எழுநூறு டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஹைபர்ஸ்தீன் உண்டாயிற்று என்பது அது. இன்று சார்னோக்கைட்டு சில இடங்களில் குழம்பாகவே பிறந்தது, சில இடங்களில் உருமாறியது என்கிறார்கள். எந்த மலை எவ்வகை என்பதை மலைதோறும் போய்த்தான் பார்க்க வேண்டும்.

இப்பெயர்களை வரிசையாக எழுதும்போது ஒன்றை மறைத்தால் நேர்மை ஆகாது. ஹாலந்து 1903-இல் துறைத் தலைவரானார். அவருக்குப் பத்து ஆண்டு முன்னரே, 1880-இல், பணியில் சேர்ந்தவர் பிரமத நாத் போஸ் என்ற வங்காளி. மூத்தவரைத் தாண்டி இளையவரை உயர்த்தியது கண்டு போஸ் பணியை விட்டு விலகினார். கல்லைப் பற்றி யாரும் மறுத்துப் பேசலாம் என்றிருந்த அந்தத் துறையில், நாற்காலியைப் பற்றி அப்படி இல்லை. போஸ் பிறகு மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் இரும்புத் தாது இருப்பதை அறிந்து, 1904 பிப்ரவரி 24ஆம் நாள் ஜே. என். டாட்டாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலை எழுந்ததற்கு அக்கடிதம் ஒரு பெருங்காரணம்.

கடிதமும் கூட்டமும் விவாதமும் நம் ஊரையும் விட்டுவைக்கவில்லை. போடிக்கு அருகே பொட்டிப்புரம் மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வானிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய, மற்றக் கதிர்களை வடிகட்ட ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை மூடியிருக்க வேண்டும். உறுதியான சார்னோக்கைட்டு மலை என்பதாலேயே விஞ்ஞானிகள் இதைத் தேர்ந்தனர். இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வெடி வைத்துக் குடைந்தால் மலை தாங்குமா, ஊற்று வற்றுமா, கிணற்று நீர் என்னாகும் என்று ஊர் மக்கள் கேட்டனர். வழக்குகள் எழுந்தன. 2022-இல் தமிழக அரசும் இத்திட்டம் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. எங்கள் வகுப்பில் இரு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறோம். ஒருத்தியின் அப்பா தோட்டக் கிணற்றை நம்பி வாழ்கிறவர். இன்னொருத்தியின் அக்கா பௌதிகம் படிக்கிறார். இதைப் பேசத் தொடங்கினால் குரல் உயர்ந்துவிடும். ஆனால் பாறையில் விரிசல் எவ்வளவு, நீர் எவ்வழி இறங்குகிறது என்று பேச்சு வந்தபோது எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அப்பொழுது இரு பக்கமும் சற்று நேரம் மௌனமாயிற்று. தால்ச்சரில் கேட்டதுபோல, கீறல் உள்ள கல்லைக் காட்டுங்கள் என்று கேட்க இரு பக்கத்துக்கும் உரிமை உண்டு என்பது எங்கள் எண்ணம்.

சிஸ்டரிடம் எங்கள் குறிப்புகளைக் கொடுத்தோம். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவும் வெள்ளைச் சீட்டுகளும் தந்தார். விடுமுறையில் லோயர் கேம்ப், சுருளி, போடிமெட்டு என எங்கு சென்றாலும், சாலைக்காக மலையை வெட்டிய இடத்தில் கையளவு கல் எடுத்து வரவேண்டும். உதிர்ந்து கிடப்பதையே எடுக்க வேண்டும். உடைந்த முகம் எண்ணெய் மினுக்கம் உடையதா, வரி வரியாக உள்ளதா, பாதி சாம்பலும் பாதி கரும்பச்சையுமாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். சீட்டில் ஊர், நாள், எடுத்தவர் பெயர், பாறை வகை என நான்கு கட்டம். முதல் கல்லாகச் சுற்றுச்சுவர்க் கல்லை வைத்தோம். மூன்று கட்டங்களை மையால் நிரப்பினோம். நான்காவதில் ஜன்னலோர வரிசை ஒன்றும் சுவரோர வரிசை ஒன்றும் பென்சிலால் எழுதியிருக்கின்றன. அந்தக் கல் எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்று கேட்டு லாரி உரிமையாளருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறோம்.